கப்ர் எந்த மண்ணில்?



1961 அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜெர்மானிய ஆலைகளுக்கு ஆள் தேவை. துருக்கிக்கோ வேலையும் அந்நியச் செலாவணியும் தேவை. வந்தவர்கள் இரண்டாண்டு உழைத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. 'விருந்தாளித் தொழிலாளி' என்று பெயரும் சூட்டினர். பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புதியவரைப் பழக்குவது முதலாளிகளுக்கு நட்டம். எனவே 1964இல் அக்கெடு நீக்கப்பட்டது. 1973 நவம்பரில் ஆள்சேர்ப்பே நின்றது. போனால் மீண்டும் வர இயலாது என்றானதும், ஊர் திரும்ப எண்ணியிருந்தோரும் மனைவி மக்களை வரவழைத்துக் கொண்டனர். தடுக்கப் போட்ட ஆணையே அவர்களைக் குடியமர்த்தியது!

பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிக்கூடம் சென்றனர். மொழி போனால் தீனும் போய்விடுமோ எனப் பெற்றோர் அஞ்சினர். பழைய கிடங்குகளிலும் கட்டடங்களின் கொல்லைப்புறங்களிலும் தொழுகைக் கூடங்கள் எழுந்தன. 1984இல் கொலோன் நகரில் 'டிடிப்' அமைப்பு உருவானது. துருக்கி அரசின் மார்க்கத் துறை சம்பளம் கொடுத்து இமாம்களை அனுப்பியது. குத்பா துருக்கி மொழியில். தேசமும் தீனும் ஒரே மிம்பரில் ஏறின. பக்கத்துத் தெரு அரபு முஸ்லிமுக்கு அங்கே ஒன்றும் விளங்காது. இதைக் குறை கூறுவது எளிது. ஆனால், அக்கூடங்கள் இல்லையேல் எத்தனை வீடுகளில் ஸலாமே மறந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஜெர்மனியில் அவர்கள் அந்நியர். விடுமுறைக்கு ஊர் சென்றாலோ 'அல்மான்ஜி', அதாவது ஜெர்மன்காரர். இரட்டைக் குடியுரிமை பொதுவாக அனுமதிக்கப்பட்டது 2024 ஜூனில்தான்.

மனம் எந்த மண்ணில் ஊன்றியிருந்தது என்பதை ஜனாஸா காட்டிக் கொடுத்தது. முதல் தலைமுறையில் பலரின் உடல்கள் விமானத்தில் துருக்கிக்கே சென்றன. இதற்கு ஊர்ப்பாசம் மட்டுமே காரணமன்று. பெட்டியின்றிக் கபனுடன் அடக்க அங்கே நெடுங்காலம் அனுமதியில்லை; குறித்த ஆண்டுகள் கழிந்தால் அதே குழியில் வேறொருவரை அடக்குவதும் அந்நாட்டு வழக்கம். 1993 மே 29 அன்று சோலிங்கன் நகரில் இனவெறியர்கள் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தனர். பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் மாண்டனர். அவர்களும் துருக்கிக் கிராமத்திலேயே அடக்கப்பட்டனர். குடும்பத்தாரோ சோலிங்கனை விட்டு அகலவில்லை.

வரலாற்றில் ஒரு விந்தை. உஸ்மானியத் தூதர் அலீ அஸீஸ் எஃபெந்தி 1798இல் பெர்லினில் வஃபாத்தானபோது, பிரஷ்ய மன்னர் அவரை அடக்க நிலம் வழங்கினார். 1866இல் அந்த மையவாடி கொலம்பியாதாம் சாலையிலுள்ள இப்போதைய இடத்திற்கு மாறியது. அது எப்போதோ நிரம்பிவிட்டது. இன்று பெர்லின் துருக்கியர் பலர் தம் மையித்துகளை நகரின் மேற்கு ஓரத்திலுள்ள காதோவில் அடக்குகின்றனர்.