இராச்சியமும் பந்தியும்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குத் தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்றிலிருந்து ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, தேம்பாவணியின் நாட்டுவளம் குறித்து எழுதித் தந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். அது என் கையில் ஆயத்தமாக இருந்த பொருள். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் எழுந்த ஒரு வினா இடைமறித்து நின்றது. அன்று தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியை நடத்திக்கொண்டிருந்தேன். விசுவாசக் குறத்தி, தலைவியாகிய தேவமோகினியின் கையைப் பற்றிக் குறி சொல்லும் இடம். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, இவர் பாடுகிற அரசில் எங்கள் தெருக்காரர்களுக்கு எந்தப் பக்கம் இடம்?" என்று கேட்டாள். பழைய தஞ்சைத் திருச்சபையில் சாதிக்கொரு பக்கம் இருந்தது என்பதை அவள் எங்கோ படித்திருந்தாள். நானும் அறிந்திருந்தேன், அறிந்தும் பல ஆண்டுகளாகச் சொல்லாமல் கடந்து வந்திருந்தேன். அன்று அவளுக்கு நான் விடை கூறவில்லை. இக்கட்டுரை அந்த வினாவின் பின்னே செல்கிறது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். நற்செய்தி நூல்களில் இயேசுவின் போதனைக்கு நடுவாக நிற்பது 'இறைவனின் அரசு' என்னும் கருத்து. கிரேக்க மூலத்தில் இது 'பசிலேயா' எனப்படுகிறது. அதன் பின்னணியில் உள்ள எபிரேயச் சொல் 'மல்கூத்'. இச்சொல் ஒரு நிலப்பரப்பைக் காட்டிலும் ஆளுதல் என்னும் செயலையே முதன்மையாகக் குறிக்கிறது என்பதைச் செருமானிய அறிஞர் குஸ்தாவ் தால்மன் 1898இல் விரிவாக நிறுவினார். தமிழில் வந்த சொல் 'இராச்சியம்'. இறைவனைக் குறிக்கும் சொல் தமிழில் பலமுறை மாறியிருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான சிறுநூல் 'தம்பிரான் வணக்கம்' என்றே பெயர் பெற்றது. தரங்கம்பாடியில் 1714-15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். இரேனியுஸ் 'தேவன்' என்றார். கடவுளின் பெயர்க்கு இத்தனை ஆராய்ச்சி நிகழ்ந்த இந்நாட்டில் அவருடைய அரசின் பெயரை யாரும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. இராச்சியம் இராச்சியமாகவே நிலைபெற்றது.

இராச்சியம் என்றால் தமிழ்ச் செவிக்கு எல்லையும் கோட்டையும் தலைநகரும் தோன்றும். அது போய்ச் சேரும் இடம். 'மோட்ச இராச்சியம் சேர்ந்தார்' என்று இறந்தாரைப் பற்றிச் சொல்லும் வழக்கும் இதனாலேயே இயல்பாகப் பொருந்திற்று. ஆட்சியோ அத்தகையதன்று, நாம் இருக்குமிடத்தில் நம்மீது நிகழ்வது. இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த வேண்டுதலில் அந்த அரசு வரவேண்டும் என்றே கேட்கப்படுகிறது. நாம் அங்குப் போகவேண்டும் என்று கேட்கப்படவில்லை. வினைச்சொல் ஒரு திசையிலும் பெயர்ச்சொல் மறு திசையிலும் இழுக்க, நெடுங்காலம் பெயர்ச்சொல்லே வென்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில்தான் 'இறையாட்சி', 'விண்ணரசு' என்னும் சொற்கள் பெருவழக்குப் பெற்றன.

நம் காப்பியங்களும் பெயர்ச்சொல்லின் பக்கமே நின்றன. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) பனியனின் கதையைத் தழுவி, ஓர் ஆன்மா நெடுவழி நடந்து விண்ணக நகரை எய்துவதைப் பாடுகிறது. அதன் கவிதைச் சிறப்பைக் குறைத்துக் கூற நான் ஒருப்படேன். ஆனால் அங்கே இறைவனின் அரசு வழியின் முடிவில் இருக்கிறது. வழியிலுள்ள அடுப்படியில் இல்லை.

மூலத்தில் அடுப்படி உண்டு என்பதே ஈண்டு கருதத்தக்கது. அந்த அரசு எதைப் போன்றது என்று கூற வந்த இடத்தில் இயேசு அரண்மனையைக் காட்டவில்லை. மூன்று மரக்கால் மாவில் புளித்த மாவைப் பிசைந்து வைத்த ஒரு பெண்ணைக் காட்டுகிறார். அம்மூன்று அளவையும் சேர்ந்து ஏறத்தாழ 40 லிட்டர் வரும். ஒரு வீட்டுக்கு அன்று, ஓர் ஊர்ப் பந்திக்கே போதும் மாவு. விதைப்பவன், வலை இழுப்பவர், தொலைந்த காசுக்காக வீடு பெருக்கும் பெண், பொழுது சாயும் நேரத்தில் வந்தும் முழுநாட் கூலி பெற்ற கூலியாள் என அவர் காட்டியோர் அனைவரும் தெருவிலும் கொல்லையிலும் காணும் மனிதர். எனவே அன்றாட வாழ்வு என்பது இக்கருத்துக்குப் பிற்காலத்தார் ஒட்டவைத்த விளக்கம் அன்று.

முதற் சபைகளில் எழுந்த பிணக்கும் உணவைப் பற்றியதே. கி.பி. 50களில் பவுல் எழுதிய கடிதங்களில் இரண்டு செய்திகள் உள்ளன. கொரிந்து நகரில் உடையோர் முந்தி உண்டு நிறைவுற, இல்லாதோர் பசித்திருந்தனர். அதனைக் கடிந்து எழுதுகிறார். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒருங்கிருந்து உண்டுவந்த பேதுரு, தம் இனத்தார் சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். அவரைப் பலர் அறியக் கண்டித்ததாகக் கூறுகிறார். யாரோடு உண்பது என்பதில் தலைமைச் சீடரே தடுமாறினார் எனின், தமிழகத்தில் அது எளிதாக முடிந்திருக்க இயலாது.

நெல்லைச் சீமைக்கு வருவோம். 1799இல் முதலூர் என்னும் குடியிருப்பு எழுந்தது. அதன் பின் நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், சமாதானபுரம் எனப் பல ஊர்கள் தோன்றின. மதம் மாறியதால் நிலக்கிழார்களின் துன்பத்துக்கு ஆளானோர் குடியமர நிலம் வாங்குவதற்கென்றே 1830இல் 'தர்ம சங்கம்' தொடங்கப்பட்டது. பாளையங்கோட்டையில் பணிபுரிந்த இரேனியுஸ் இதற்கு முன்னின்றார். 'பூமி சாஸ்திரம்' என்னும் நிலவியல் நூலைத் தமிழுக்குத் தந்தவர் என இலக்கிய வரலாற்று மாணவர் அறிந்தவர் இவரே. ஆனந்தத்தையும் சமாதானத்தையும் மறுமைக்கு ஒத்திவைக்காமல் பனங்காட்டு மணலில் ஊர்ப்பெயராக நட்டுவைத்த அம்மக்களின் துணிவு, எழுதப்படாத ஒரு காப்பியம் என்றே எனக்குத் தோன்றுவதுண்டு.

அவ்வூர்ப் பெண்களிடம் 'பிடியரிசி' என்னும் வழக்கம் வேர்கொண்டது. உலையில் இடுவதற்கு அரிசி அளந்து எடுக்கும்போது, அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளித் தனிக் கலயத்தில் இடுவர். கலயம் நிறைந்ததும் சபைக்குக் கொடுப்பர். அதை விற்ற பணம் உபதேசியார் ஊதியத்துக்கும் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் உதவியது. மிச்சத்திலிருந்து எடுப்பதன்று இது. பசி தீருமுன் எடுப்பது. என் ஆய்வுக் காலத்தில் அப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தபோது, எனக்குச் சோறிட்ட முதியவர் உலைவைக்குமுன் ஒரு பிடியை எடுத்து வைத்ததைக் கண்டேன். "ஏன் பாட்டி?" என்றேன். "எங்க அம்மை வைப்பா, நானும் வைக்கேன்" என்றார். வேறு இறையியல் எதுவும் அவர் கூறவில்லை. மாவு பிசைந்த பெண்ணின் உவமைக்கு நான் கண்ட உரைகளுள் அதுவே சுருக்கமானது.

ஆண்டுப் பண்டிகைகளில் 'அசனம்' நிகழும். அசனம் என்னும் வடசொல்லுக்கு உணவு என்பதே பொருள்; அங்கோ ஊர்கூடிச் சமைத்து, ஊர்கூடி உண்ணும் விருந்துக்கு அது பெயராயிற்று. செல்வரும் எளியோரும் ஒரே பந்தியில் அமர்வர். இதனை மெச்சும்போது ஒன்றை மறைத்தலாகாது. அவ்வூர்களில் பெரும்பாலானவை ஒரே சாதியார் வாழும் ஊர்கள். பந்தியில் அடுத்த இலைக்கு முன் இருப்பவர் உறவினராகவே இருக்கும்போது சமத்துவம் பெருஞ்செலவு வைப்பதில்லை. பல சாதியாரும் ஒரே கூரையின்கீழ் வந்த இடங்களில்தான் அதன் விலை தெரிந்தது.

அவ்வகையில் தஞ்சைச் சபை முதன்மையானது. அங்கே உயர்சாதியார் ஒரு பக்கமும் தாழ்த்தப்பட்டோர் மறுபக்கமும் அமர்வதும், திருவிருந்தை முன்னவர் முதலில் பெறுவதும் வழக்கமாயிருந்தன. மூத்த மிஷனெரிகள் இதனைக் காலப்போக்கில் மறையும் என்று பொறுத்தனர். பின்வந்தோர் பொறுக்கவில்லை. இரேனியுஸ் தம் மாணவர் விடுதியில் எல்லாச் சாதிச் சிறுவரும் ஒருங்கிருந்து உண்ணவேண்டும் என்றார். இவர்களை எதிர்த்து எழுந்த குரல்களுள் வலியது வேதநாயக சாத்திரியாருடையது.

1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ச்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பெற்று, பின்னாளில் மன்னரான சரபோசியோடு ஒருங்கு பயின்ற இப்பெரும் புலவர், 1820களின் இறுதியில் புதிய மிஷனெரிகளின்மீது குற்றச்சாட்டுகளை எழுதினார். அவற்றை டென்னிஸ் ஹட்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகக் காணலாம். பழகிய வேதமொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், தமிழ் இசைப் பாடல்களையும் விழாக்களையும் ஒடுக்குகிறார்கள் என்பன அவற்றுள் சில. இவற்றில் நம் நெஞ்சம் அவர் பக்கமே சாயும். ஓர் அயலார் குழு ஒரு நாட்டின் பாட்டை நிறுத்துவது கொடுமையே. அதே மூச்சில் அவர் மற்றொன்றும் கேட்கிறார்: எங்களையும் தாழ்ந்த சாதியாரையும் ஒன்றாகக் கலந்து அமர்த்தாதீர்கள். சாதி என்பது உலகியல் மரியாதை, அது சமயத்துக்குப் புறம்பானது, ஆன்மாவைத் தொடாதது என்பது அவர் தரப்பின் வாதம். மெய்யாகவே அவர் அப்படி நம்பினார் என்று நான் கருதுகிறேன். அதுவே எனக்குத் துயரம் தருகிறது. பாயில் யார் அமர்வது என்பதை இறையாட்சியின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டால் பிறகு அந்த ஆட்சி எங்கே நிகழ்வது?

குறவஞ்சி என்னும் இலக்கிய வகை குறத்தியை அரண்மனைக்குள் அழைத்து வருவது. அவள் தலைவியின் கையைத் தொட வேண்டும். தொடாமல் குறி இல்லை. சாத்திரியார் அந்தக் குறத்திக்கே 'விசுவாசம்' என்று பெயரிட்டார். கற்பனையில் இறைநம்பிக்கையைக் குறத்தியாக்கி உயர்குலப் பெண்ணின் கையைப் பற்றச் செய்த புலவர், கோயிலில் அந்தக் கை அருகில் வராதிருக்க மனு எழுதினார். இதனை அவரை இழித்துரைக்கக் கூறவில்லை. கவிதை கவிஞரைக் காட்டிலும் முன்னே சென்றுவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறியேன்.

1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று எழுதினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் வெளியேறினர். பின்னாளில் சாதி வழக்கத்தில் மென்மை காட்டிய லைப்சிக் லுத்தரன் சபை அவருள் பலர்க்குப் புகலிடமாயிற்று. 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடு, தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்ண மறுப்பவரைத் திருவிருந்தில் சேர்த்தலாகாது என்றது. சோற்றைத் தேர்வுத்தாளாக்கிய இம்முறையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆயின் அன்பாகச் சொன்ன நூற்றைம்பது ஆண்டுகளில் பாய் நகரவில்லை என்பதையும் மறுக்க வழியில்லை.

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம் நினைவுக்கு வருகிறது. 1745இல் நீலகண்டன் என்பார் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன ஊர் அது. அவ்வூரில் 1872இல் எழுந்த கோயில் ஒரு பீடமும் இரு கூடமுமாகக் கட்டப்பட்டது. மேலிருந்து நோக்கினால் கால்சட்டை போன்ற அமைப்பு. ஒரு கூடத்தில் வேளாளர். மறு கூடத்தில் நாடார். இரு சாராரும் பீடத்தைக் காண்பர்; ஒருவரை ஒருவர் காணார். 1910இல் இடைத் தடுப்பு இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் தனியிடம் கேட்கும் உரிமை ஏற்கப்படவில்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' (2001) என்னும் நூலில் இவ்வரலாறு விரிவாக உள்ளது. தேவசகாயம் 2022ஆம் ஆண்டு மே மாதம் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பெற்றபோது, 'பிள்ளை' என்னும் சாதிப்பெயர் அவர் பெயரோடு சேர்க்கப்படவில்லை. அவர் 1752இல் கொல்லப்பட்டவர். பெயரிலிருந்து அந்தச் சொல் நீங்க 270 ஆண்டுகள் சென்றன.

வினா எழுப்பிய மாணவி இப்போது எங்கோ ஆசிரியப் பணியில் இருக்கிறாள் என்று கேள்வி. இவ்வாண்டு பெத்லகேம் குறவஞ்சியை நடத்தியபோது, குறத்தி கைபற்றும் இடத்தையும் சாத்திரியாரின் முறையீட்டையும் ஒரே நாளில் எடுத்துவைத்தேன். மாணவர்கள் நெடுநேரம் வாதிட்டனர். சிலர் புலவர்க்காகப் பேசினர். ஒருவன் குறத்திக்காகப் பேசினான். மணி அடித்த பின்னும் யாரும் எழவில்லை.