யாருடைய முடி

போன வருஷம் லீட்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அண்ணன் மகளின் தலையைப் பார்த்து அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். காக்கைக் கறுப்பாகச் சாயம் ஏற்றிய முடி. நடு வகிடு. இரண்டு நெற்றிப்பொட்டிலிருந்தும் மண்டையோடு ஒட்டி வரப்பு வரப்பாகப் பின்னிக்கொண்டு போய், காதுக்குப் பின்னால் மெல்லிய சடைகளாகத் தொங்கவிட்டிருந்தாள். சடைக்குள் கறுப்பு நூல், இடையிடையே வெள்ளி வளையங்கள், ஒரு நுனியில் சின்னதாக ஒரு வௌவால். மிச்ச முடி அவிழ்ந்து கிடந்தது. 'இழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு' என்றாள் அண்ணி. 'அதேதாம்மா' என்றாள் இவள்.

இதற்குப் பெயர் கோதிக் என்று பிறகு எனக்கு விளக்கினாள். அந்தச் சொல் பட்ட பாடு எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியாதது, பின்னல் எப்படி இதற்குள் வந்து சேர்ந்தது என்பது. இருட்டையும் குலைவையும் கொண்டாடுகிற ஒரு ரசனை முடியை விரித்துப் போடுவது புரிகிறது. பின்னுவது எதற்கு? பின்னின முடி அடங்கின முடி. அம்மாக்கள் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி, ஆடாதே என்று சொல்லி உண்டாக்குகிற ஒழுங்கு. அதைப் பயங்கரத்தின் சின்னமாக்க முடியும் என்றால், பயங்கரம் அதற்குள் முன்பே இருந்திருக்க வேண்டும். சில மாதங்களாக இதைத் தேடிப் படித்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

கோதிக் என்பது வசைச் சொல்லாகப் பிறந்தது. 410இல் ரோமைச் சூறையாடிய கோத்துகளின் பெயரை, ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து, தனக்குப் பிடிக்காத மத்தியகாலக் கட்டிடக் கலையின் மேல் ஒட்டியவர்களில் முக்கியமானவர் வசாரி. அவருடைய கலைஞர் வரலாறு 1550இல் வந்தது. அந்தக் கோபுரங்களுக்கும் கோத்துகளுக்கும் சம்பந்தமே கிடையாது. 1764இல் ஹொரேஸ் வால்போல் தன் ஒட்ராண்டோ கோட்டை நாவலை வெளியிட்டு, மறுபதிப்பில் 'கோதிக் கதை' என்று துணைத்தலைப்புக் கொடுத்ததும் சொல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. பாழடைந்த மண்டபம், சாபம், ஆவி. இன்று தலைமுடியில் இருப்பது இந்தக் கோதிக்தான். கோத்துகள் எப்படி முடி வைத்திருந்தார்கள் என்று தேடிப் போகிறவர்கள் தப்பான தெருவில் நுழைகிறார்கள். டாசிட்டஸ் 98இல் எழுதியது வேறொரு ஜெர்மானியக் கூட்டத்தைப் பற்றி. சுயேபிகள் முடியை ஒருபக்கமாக முறுக்கி முடிச்சிடுவார்கள், அடிமையிலிருந்து சுதந்திர மனிதனைப் பிரித்துக் காட்டுவது அந்த முடிச்சு என்கிறார். 1948இல் வட ஜெர்மனியில் ஓஸ்டர்பி என்ற ஊரின் சதுப்பு நிலத்தில் அந்த முடிச்சோடு ஒரு தலை கிடைத்தது. தலை மட்டும்.

ஆனால் சதுப்பைச் சொல்லிவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1938இல் டென்மார்க்கில் சில்க்கபோர்க் நகருக்குப் பக்கத்தில் கரிச்சேற்றிலிருந்து ஒரு பெண்ணின் உடலை எடுத்தார்கள். எல்லிங் பெண் என்று அழைக்கிறார்கள். இருபத்தைந்து வயதிருக்கலாம். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் தோல் வாரினால் தூக்கிலிடப்பட்டவள். சேற்றின் அமிலம் தோலையும் முடியையும் பதப்படுத்தி வைத்திருந்தது. முன்பக்கம் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. பின்பக்கம் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு முடி, பின்னியபடியே இருக்கிறது. அந்தப் படத்தை ஒரு முறை பார்த்த பிறகு எனக்கு மற்றதெல்லாம் எளிதாகிவிட்டது. முகம் போய்விட்டது. பின்னல் போகவில்லை. கடைசி நாள் காலையில் அதைப் பின்னின கை அவளுடையதா, வேறொருத்தியுடையதா என்ற கேள்வி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முடி அழுகாது. இந்த ஒரு ஸ்தூலமான உண்மையின் மேல்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து தன் துக்கத்தைக் கட்டியது. இறந்தவரின் முடியைக் கத்தரித்து, பின்னி, நகையாக்கி அணிவது அதற்கு முன்பும் உண்டு. விக்டோரியாவின் காலத்தில்தான் அது வீட்டுக்கு வீடு பரவியது. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியிலேயே முடி வேலைப்பாடுகள் வைக்கப்பட்டிருந்தன. 1861 டிசம்பர் 14இல் ஆல்பர்ட் இறந்ததும் ராணி கறுப்பு உடுத்தி, 1901இல் தான் சாகும்வரை அதை மாற்றவில்லை. அவன் முடி பதித்த நகைகள் அவளிடம் இருந்தன. ராணி அழுதால் தேசம் அழுதாக வேண்டும்.

அந்த வேலையின் முறை விசேஷமானது. முடியைச் சோடா கரைத்த வெந்நீரில் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். நீளவாரியாகப் பிரித்து, எண்ணி, சிறு சிறு பிரிகளாக்குவார்கள். நடுவில் துளையுள்ள ஒரு வட்ட மேஜை. பிரிகளின் ஒரு முனை அந்தத் துளையின் மேல் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். மறு முனைகள் மேஜையின் விளிம்பைச் சுற்றித் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு ஈயக் குண்டு. பின்னப் பின்னச் சடை துளை வழியே கீழே இறங்கும், அதை இழுத்துப் பிடிக்க அடியில் ஒரு எடை. குண்டுகளைக் குறிப்பிட்ட வரிசையில் இடம் மாற்றிக்கொண்டே போனால் உள்ளே கூடான, லேஸ் போன்ற ஒரு குழாய் உருவாகும். அதைக் கம்பியில் கோத்துக் கொதிக்க வைத்து உலர்த்தினால் உருவம் நின்றுவிடும். கடிகாரச் சங்கிலி, காது லோலாக்கு, வளையல். நியூயார்க்கில் மார்க் கேம்பல் என்பவர் 1867இல் வெளியிட்ட கைப்புத்தகத்தில் இந்தப் பின்னல்களுக்கு வரைபடங்கள் இருக்கின்றன. மேலே எண், கீழே எண், இது அங்கே போகட்டும், அது இங்கே வரட்டும். சாவு என்ற சொல்லுக்கு அந்தப் பக்கங்களில் வேலையே இல்லை. எண்களை வரிசை தவறாமல் மாற்றிக்கொண்டிருந்த கைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது.

ஸ்வீடனில் டாலார்னா பிரதேசத்தில் வோம்ஹுஸ் என்று ஒரு ஊர். நிலம் போதாத ஊர். அங்கத்துக் குடியானவப் பெண்கள் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஜெர்மனி, ருஷ்யா, இங்கிலாந்து வரை போய், வீடு வீடாக ஏறி, அந்த வீட்டு முடியை வாங்கி, பின்னிக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். முன்பின் தெரியாத பாஷையில் முன்பின் தெரியாதவர்களின் பிணத்து முடியைப் பின்னின அந்தப் பெண்களைப் பற்றி நாவல் ஒன்று இருக்க வேண்டும். என் கண்ணில் படவில்லை.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. அன்றைய பெண்கள் பத்திரிகைகளும் கைப்புத்தகங்களும் ஒரு பயத்தைத் திரும்பத் திரும்பக் கிளப்பின. கடைக்காரனிடம் கொடுத்த முடிதான் திரும்பி வந்ததா? நீளம் போதவில்லை, மெல்லியதாக இருக்கிறது என்று வேறு யாருடைய முடியையோ பின்னிக் கொடுத்துவிட்டால்? வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிக் கைப்புத்தகம் விற்றார்கள். வியாபாரத் தந்திரம் ஒருபக்கம் இருக்கட்டும். வேறு முடி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையால் தொட்டும் சொல்ல முடியாது. இருந்தும் அது வேறு முடியாக இருந்தால் நகை செத்துவிடுகிறது. பின்னலின் அழகு முழுவதும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெயரைச் சார்ந்து நின்றது. எமிலி பிராண்டி 1847இலேயே இதைத் தெரிந்து வைத்திருந்தாள். வுதரிங் ஹைட்ஸில் காதரீனின் சவத்தின் கழுத்திலுள்ள பதக்கத்திலிருந்து கணவனின் வெளுத்த முடியை எடுத்தெறிந்துவிட்டு ஹீத்கிளிஃப் தன் கறுப்பு முடியை வைத்துவிட்டுப் போகிறான். வேலைக்காரி நெல்லி இரண்டையும் சேர்த்து முறுக்கி உள்ளே வைத்து மூடிவிடுகிறாள். பகையை முடிக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, முறுக்கி வைப்பது. அடுத்த வருஷம் எமிலி இறந்தாள், அதற்கடுத்த வருஷம் ஆன். ஹாவர்த்திலுள்ள பிராண்டி அருங்காட்சியகத்தில் ஒரு கைவளை இருக்கிறது. இரண்டு தங்கைகளின் முடியையும் சேர்த்துப் பின்னி சார்லட் அணிந்தது என்று சொல்கிறார்கள்.

இந்த அழகைச் சொல்லிவிட்டு அதன் சிறைச்சாலையைச் சொல்லாமல் விடுவது அயோக்கியத்தனம். விதவைக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் கறுப்பு. முதல் கட்டத்தில் பளபளப்பே இல்லாத கிரேப் துணி. மின்னும் நகை ஆகாது, கறுப்பு ஜெட்டும் முடி நகையும் ஆகும். ஆண்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் சுருக்கம். அங்கே செத்தவன் முடியைப் பெண் மேல் ஏற்றினார்கள். இங்கே என் அப்பாவின் அம்மாவுக்கு, 1930களில், உயிரோடிருக்கிறவளின் முடியை இறக்கினார்கள். இரண்டையும் எடைபோட நான் உட்காரவில்லை.

1880களுக்குப் பிறகே முடி நகைக்கு மவுசு குறைந்தது. முதல் உலகப் போரில் சாவு ஒரு வீட்டுக்கு என்றில்லாமல் போனபோது இந்தப் பொடி வேலை தாங்கவில்லை. இருபதுகளில் பெண்கள் முடியையே கத்தரித்துக்கொண்டார்கள்.

லண்டனில் 1982இல் பேட்கேவ் என்ற இரவு விடுதி திறந்ததைக் கோத் கூட்டத்தின் பிறப்பாகச் சொல்வது வழக்கம். அதற்கு முன்பே சூக்ஸி இருந்தாள், பௌஹௌஸ் இருந்தது, லீட்ஸில் 1980இல் ஸிஸ்டர்ஸ் ஆஃப் மெர்ஸி தொடங்கியாகிவிட்டது. அந்தப் படங்களில் பின்னலைப் பெரிதாகக் காண முடியாது. எல்லா முடியும் பின்வாக்கில் சீவிச் சிடுக்காக்கி, ஸ்ப்ரே அடித்து, மின்சாரம் தாக்கியது போல நிற்கிறது. பின்னல் வேறு வாசல் வழியாக வந்தது. சார்லஸ் ஆடம்ஸ் 1938 முதல் நியூயார்க்கர் பத்திரிகையில் வரைந்த பயங்கரக் குடும்பத்தில், வெளுத்த முகமும் இரட்டைச் சடையுமாக ஒரு சிறுமி. 1964இல் தொலைக்காட்சிக்குப் போனபோதுதான் வெட்னஸ்டே என்று பெயர் கிடைத்தது. புதன்கிழமைப் பிள்ளைக்குத் துயரம் என்று சொல்கிற ஒரு பழைய குழந்தைப் பாட்டிலிருந்து வந்த பெயர். 1991இல் சினிமா, 2022இல் மறுபடி தொடர். சூக்ஸியின் முடி கலைந்து பயமுறுத்தியது. இந்தச் சிறுமியின் முடி ஒரு இழைகூடக் கலையாமல் பயமுறுத்துகிறது. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிற பெண்ணின் சடை அது. சொன்னதெல்லாம் செய்துவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மண்டையோடு ஒட்டிய வரப்புப் பின்னல் ஆப்பிரிக்கப் பெண்களுடையது. கடல் கடந்து அடிமைகளோடு போனது. இன்று அதே பின்னலை வைக்கிங் பின்னல் என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். வைக்கிங்குகள் அப்படிப் பின்னினார்கள் என்பதற்குச் சொல்லும்படியான ஆதாரம் கிடையாது. வசாரி செய்ததைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான். இதைச் சொன்னபோது என் அண்ணன் மகள் கொஞ்சநேரம் பேசவில்லை.

சடையில் அவள் சேர்த்துப் பின்னியிருந்தது கனெக்கலான். ஜப்பானில் 1957இலிருந்து செய்யப்படுகிற செயற்கை நார். யாருடைய முடியும் அல்ல. அசல் முடி வேண்டுமென்றால் அதுவும் கிடைக்கிறது. நம் கோயில்களில் மழித்து ஏலத்தில் போகிற முடி அங்கே சடைக்குள் போகிறது, பெயரில்லாமல். விக்டோரியாவின் பெண்கள் பயந்தது நடந்தேவிட்டது, அதைப் பற்றி யாருக்கும் பயமில்லை. செத்தவர் இல்லாத துக்கம், வெறும் ரூபம், போலி என்று நான் முதலில் எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். சம்பிரதாயம் கட்டளையிட்டுப் போட்டுக்கொண்ட கறுப்பைவிட, யாரும் கேட்காமல் போட்டுக்கொண்ட கறுப்பு எப்படித் தாழ்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்து ஆங்கிலேயப் பெண்களின் அலங்கார மேஜையில், மூடியில் துளை போட்ட ஒரு பீங்கான் ஜாடி இருக்கும், சீப்பில் வருகிற முடியைச் சுருட்டிப் போட. என் அம்மாவுக்கு ஜாடி இல்லை, கொல்லைச் சுவரில் ஒரு பொந்து. வருஷக்கணக்காகச் சேர்த்ததைத் தெருவோடு வருகிற சவுரிக்காரியிடம் கொடுத்துக் கட்டி வாங்கினாள். அவளுடைய முப்பது வயது முடி. எழுபத்தாறு வயதில் இறக்கும்போது தலை பஞ்சாக இருந்தது, சவுரி மட்டும் கறுப்பாக. விசேஷங்களுக்கு அதை வைத்துப் பின்னினால் வெள்ளையில் தொடங்கி இருட்டில் முடியும் ஒரு சடை. காரியங்கள் முடிந்ததும் ஆற்றில் விட்டுவிடச் சொன்னார்கள். நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அண்ணன் மகள் ஏதோ தேடும்போது டப்பாவைத் திறந்துவிட்டாள்.

'இது யாருது அத்தே?'

'பாட்டியுது.'

கையில் எடுத்து, எடை பார்ப்பது போல வைத்துக்கொண்டிருந்தாள். மேல் முனையில் அம்மா சுற்றின கறுப்பு நூல் அப்படியே இருந்தது. தன் சடையிலிருந்த வளையங்களைத் தள்ளிவிட்டு இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். கறுப்பு ஒன்றல்ல. அம்மாவுடையது வெளிச்சத்தில் லேசாகச் செம்பட்டை.

'நான் எடுத்துக்கவா?'

'பின்னிக்கிறதுக்கா?'

'தெரியல. ஆனா அவுக்க மாட்டேன்.'

பிறகு சொல்கிறேன் என்றேன். டப்பா இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. அவள் டிசம்பரில் மறுபடி வருகிறாள்.