முதலைக்கு ஆறு உண்டு, முசகருக்கு?

சொம்புமூக்கு முதலை நம்ம ஊர் ஆறுகளில் கிடையாது. வடக்கே கங்கையில் போய்க் கலக்கிற ஆறுகளில் வாழ்வது. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் பானையைக் கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். மீன்தான் இதுக்குச் சாப்பாடு, மனுசரை வேட்டையாடுவதில்லை. ஆழமாக ஓடுகிற தண்ணீரும் முட்டையிட மணல்மேடும் வேண்டும். பங்குனி, சித்திரையில் மணலைத் தோண்டி முட்டையிடும். மழைவெள்ளம் வருமுன் குஞ்சு வெளியே வந்தாகணும்.

1970-களில் இந்த இனம் மொத்தமே 200-கூடத் தேறாது என்று கணக்கிட்டார்கள். யாரால் வந்த அழிவு இது? நேபாளத்து நாராயணி ஆற்றின் கதையைப் படிக்கப் படிக்க இந்தக் கேள்விதான் என்னைக் குடைகிறது.

சித்வன் காடு ராணா ஆட்சியாளர்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1911-இல் நேபாளத் தராய்க்கு விருந்தாளியாக வந்த ஐந்தாம் ஜார்ஜ் கூட்டத்தார் சுட்டது 39 புலி, 18 காண்டாமிருகம். அதற்குப் பெயர் வீரம். முதலையைத் தோலுக்காகக் கொன்றார்கள். அதற்குப் பெயர் வியாபாரம்.

1959-இல் இந்தியாவும் நேபாளமும் கண்டக் ஒப்பந்தம் போட்டன. நாராயணியின் குறுக்கே தடுப்பணை எழுந்தது. வெள்ளத்தில் அணைக்குக் கீழே அடித்துச் செல்லப்படும் முதலை திரும்பி மேலே ஏற வழியில்லை. கரையில் வந்த காகித ஆலையும் பீர் ஆலையும் கழிவை ஆற்றில் விட்டன. அதற்குப் பெயர் வளர்ச்சி.

1973-இல் சித்வன் தேசியப் பூங்கா ஆனது. காவலுக்கு ராணுவம் வந்தது. 1978-இல் கசராவில் முதலைக் குஞ்சு வளர்க்கும் நிலையம் தொடங்கினார்கள், வளர்ந்தவற்றை ஆற்றில் விட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதே ஆற்றில் தலைமுறை தலைமுறையாகப் படகோட்டி, மீன்பிடித்துப் பிழைத்த போட்டே, மாஜி, முசகர் சனங்களுக்கு வலைபோடுவதே குற்றமாகிப் போனது. உரிமச் சீட்டு இல்லாதவன் திருடன்! முசகர் என்கிற பெயர் நேபாளத்துத் தலித் பட்டியலில் இருக்கிறது. எலி தின்பவன் என்று அர்த்தம் சொல்லி ஊர் ஒதுக்கிய பெயர் அது. நிலம் கொடுக்காத சமூகம் ஆற்றையும் பிடுங்கிக்கொண்டது.

வலையில் சிக்கி முதலை சாவது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கிக்கும் அணைக்கும் ஆலைக்கும் யாரும் சீட்டுக் கேட்கவில்லையே! கேட்டது வலைக்காரனிடம் மட்டும்தான். 1990-இல் மன்னராட்சியை எதிர்த்த எழுச்சிக்குப் பிறகு இந்தச் சனங்க சங்கமாகத் திரண்டு மீன்பிடிக்கும் உரிமை கேட்டார்கள். பிச்சையாகக் கேட்கவில்லை, ஆறு தங்கள் வாழ்விடம் என்று சொல்லிக் கேட்டார்கள்.

வாழ்விடம் என்றால் தண்ணீர், மணல், மீன். முதலைக்கும் அதேதான், முசகருக்கும் அதேதான். ஆறு ஓடுகிறபடி ஓடினால் இரண்டு பேருமே பிழைப்பார்கள். ஆற்றை மறித்தவனை விட்டுவிட்டு, ஆற்றில் வாழ்ந்தவனை விரட்டுவதா பாதுகாப்பு?