மஞ்சள் அட்டையும் மூடின கேட்டும்: கானா எல்லை சொல்ற பாடம்

1/ மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற கானாவுக்குப் போகணும்னா பாஸ்போர்ட், விசா மட்டும் போதாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்றிதழும் வேணும். மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன அட்டை. கொரோனா சமயத்தில் இதே நாடு வேறு பல விதிகளைப் போட்டது, மாற்றியது, எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தா ஒரு விஷயம் நல்லா புரியும். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ முதலில் மஞ்சள் காய்ச்சல். நம்ம ஊரில் டெங்குவைப் பரப்புகிற அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்பும். நோய் முற்றினால் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை, ரத்தக்கசிவு, மரணம். வைரஸைக் கொல்ல இன்றுவரை தனி மருந்து கிடையாது. ஆனா அருமையான தடுப்பூசி இருக்கு. அது பிறந்த கதையே கானாவில்தான் தொடங்குது.

3/ 1927. அப்போது கானாவின் பெயர் கோல்டு கோஸ்ட், பிரிட்டிஷ் காலனி. அங்கே அசிபி என்கிற 28 வயது இளைஞருக்கு லேசான மஞ்சள் காய்ச்சல். ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக் குழு அவருடைய ரத்தத்தை எடுத்து ஒரு ரீசஸ் குரங்குக்குச் செலுத்தியது. ரீசஸ், நம்ம ஆசியக் குரங்கு இனம். ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு இந்த வைரஸால் பெரும்பாலும் நோய் வராது, ரீசஸுக்கு வரும். குரங்கு இறந்தது. வைரஸ் கையில் கிடைத்தது. அசிபி பிழைத்துக்கொண்டார்.

4/ அந்த ஆய்வுக்குக் கொடுத்த விலை பெரிசு. குழுவில் இருந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே வருஷம் செப்டம்பரில் லாகோஸில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். இந்த நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று சொல்லி வந்த ஜப்பானிய விஞ்ஞானி ஹிதேயோ நொகுச்சி, அதைச் சரிபார்க்க அக்ராவுக்கு வந்தார். 1928 மே 21 அன்று அதே நோய்க்குப் பலியானார். அவரோடு வேலை செய்த டாக்டர் வில்லியம் யங்கும் சில நாட்களில் போய்விட்டார்.

5/ அசிபியின் ரத்தத்தில் இருந்து வந்த அந்த வைரஸைத்தான் மேக்ஸ் தைலர் நியூயார்க்கில் வளர்த்து வளர்த்து வீரியம் குறைத்தார். 1937இல் 17டி தடுப்பூசி தயார். 1951இல் அவருக்கு நோபல் பரிசு. இன்று உலகம் முழுக்கப் போடுகிற மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எல்லாமே இந்த 17டி வம்சம்தான். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவதும் இதே வம்சம்தான்.

6/ ஒரு டோஸ். பத்து நாள் கழித்துச் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையில் இருந்து ஆயுள் முழுக்கச் செல்லும். கானாவில் இருந்து இந்தியா வருகிறவர்களிடம் நாமும் இதே அட்டையைக் கேட்கிறோம். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தல். ஏன்? நம்மகிட்ட கொசு இருக்கு, அந்த வைரஸ் இல்லை. உள்ளே வந்தா தாங்க மாட்டோம். விதிக்குக் காரணம் தெளிவு. அதை நிறைவேற்றும் வழியும் கைக்கெட்டும் தூரத்தில்.

7/ இப்போ 2020க்கு வருவோம். மார்ச் 12, கானாவில் முதல் இரண்டு கொரோனா நோயாளிகள். ஒருவர் நார்வேயில் இருந்தும் மற்றவர் துருக்கியில் இருந்தும் வந்தவர்கள். பரிசோதனை செய்து உறுதிப்படுத்தியது எது தெரியுமா? நொகுச்சி பெயரில் 1979இல் தொடங்கிய ஆய்வு நிலையம்.

8/ மார்ச் 22 நள்ளிரவு விமானம், கடல், தரை என எல்லா வழியும் மனிதப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. அதற்குச் சற்று முன் வந்து இறங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கட்டாயத் தனிமையில் வைத்துப் பரிசோதித்தார்கள். தொற்றுநோயின் தொடக்கத்தில் இது சரியான நடவடிக்கை. இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

9/ செப்டம்பர் 1, விமான நிலையம் திறந்தது. கிளம்பும் முன் 72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் நெகட்டிவ் ரிப்போர்ட் வேணும். இறங்கியதும் ஆன்டிஜென் டெஸ்ட், கட்டணம் 150 டாலர். அண்டை எகோவாஸ் நாட்டினருக்குப் பிறகு 50 டாலராகக் குறைத்தார்கள்.

10/ தரை எல்லை? திறக்கவே இல்லை. அஃப்லாவ் என்கிற ஊரைப் பாருங்க. கேட்டைத் தாண்டினால் டோகோ நாட்டின் தலைநகரம் லோமே. இரண்டு பக்கமும் அதே எவே மக்கள், அதே மொழி, சொந்த பந்தம். சந்தைக்கும் சம்பந்தி வீட்டுக்கும் தினம் போய் வருகிற இடம். சரக்கு லாரிகளை விட்டார்கள். மனிதர்களை விடவில்லை. இப்படியே இரண்டு வருஷம்.

11/ கவனிங்க. நாட்டுக்குள் நோய் முதலில் வந்தது வெளிநாட்டுப் பயணிகளோடு. ஆனா ஐந்து மாசத்தில் விமான நிலையம் திறந்தாச்சு, நடந்து போகிறவருக்குக் கேட் பூட்டியே கிடந்தது. விமான நிலையத்தில் ஒரே வாசல், பரிசோதனை சுலபம். எல்லையில் லேப் வசதி இல்லை. காரணம் புரியுது. ஆனா பூட்டினால் நடமாட்டம் நின்றுவிடுமா? குறுக்குப் பாதையில் போனார்கள். அங்கே டெஸ்ட்டும் இல்லை, யார் போனார், வந்தார் என்ற கணக்கும் இல்லை. டாக்டரா சொல்றேன், கண்ணுக்குத் தெரியாத நடமாட்டம்தான் நமக்கு ஆபத்து.

12/ கானாவுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோனில் எபோலா பரவியபோது பல விமான நிறுவனங்கள் அங்கே பறப்பதை நிறுத்தின. அப்போது ஐ.நா.வின் எபோலா பணிக்குத் தலைமையகமாக இருந்தது அக்ரா. ஆட்களும் பொருட்களும் அங்கிருந்து போயின. கானாவில் ஒரு எபோலா நோயாளிகூட வரவில்லை.

13/ அடுத்து தடுப்பூசி. 2021 பிப்ரவரி 24, கோவாக்ஸ் திட்டத்தில் உலகிலேயே முதலில் தடுப்பூசி பெற்ற நாடு கானா. 6 லட்சம் டோஸ், நம்ம புனேயில் தயாரானது. அடுத்த மாதங்களில் நமக்கே இரண்டாம் அலை, இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. நாம் ஆக்சிஜனுக்கு அலைந்த நேரம், அந்த முடிவு புரியுது. ஆனா அதன் அடி ஆப்பிரிக்கா முழுக்க விழுந்தது.

14/ 2021 டிசம்பரில் புது விதி: 18 வயதுக்கு மேல் விமானத்தில் வருகிற எல்லாரும் தடுப்பூசி போட்டிருக்கணும். மீறி ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 3,500 டாலர் அபராதம். கேட்கக் கடுமை. ஆனா ஊர் திரும்புகிற கானா மக்களுக்கு இரண்டு வாரச் சலுகை கொடுத்து, விமான நிலையத்திலேயே ஊசி போட்டார்கள். நல்ல விஷயம் இதுதான். எங்கே கேட்டார்களோ அங்கேயே வழியும் கொடுத்தார்கள்.

15/ 2022 மார்ச் 28, தரை எல்லை திறந்தது. தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்கு பிசிஆரும் தேவையில்லை என்றார்கள். 2023 மே மாதம் மிச்சமிருந்த கொரோனா விதிகளும் போயின. மஞ்சள் அட்டை மட்டும் அப்படியே இருக்கு.

16/ அடுத்த பெருந்தொற்று வரும். அன்றும் எல்லா நாடும் வாசலில் ஏதாவது கேட்கும், நம்ம நாடு உட்பட. அப்போ ஒன்றை மட்டும் கேளுங்க: கேட்கிற பொருள் அந்த வாசலில் நிற்கிற ஏழைக்குக் கிடைக்குமா? கிடைக்கும்னா அது நோய்த்தடுப்பு. கிடைக்காதுன்னா அது வெறும் பூட்டு. பூட்டைச் சுற்றிப் போக மனுஷனுக்கும் வழி தெரியும், வைரஸுக்கும் வழி தெரியும்.

ஆப்பிரிக்கா போகிற சொந்தக்காரங்க இருந்தா, கிளம்ப பத்து நாளுக்கு முன்னாடியே ஊசி போட்டுக்கச் சொல்லுங்க.