எந்தக் கலண்டரில் என்று கோப்பு சொல்லாது



உம்மாவின் கிளினிக் திகதிகள் இருந்த ஐ.சி.எஸ். கோப்பை ஒருநாள் கணினியில் அவசரமாக ஏற்றினேன். அவை என் சொந்தக் கலண்டருக்குப் போகாமல், ஆசிரியர்கள் எல்லோரும் பார்க்கும் கலண்டரில் ஏறிவிட்டன. உம்மாவின் வருத்தம் ஊருக்கே தெரிந்துபோனது. பிழை என்னுடையதுதான். அதன் வேரைத் தேடியபோது ஒரு வரலாறு கிடைத்தது.

அப்பிள், ஏ.டி. அன்ட் டி., ஐ.பி.எம்., சீமென்ஸ் ஆகிய நிறுவனங்களின் வெர்சிட் கூட்டமைப்பு, வெவ்வேறு மென்பொருள்கள் திகதிகளைப் பரிமாறிக்கொள்வதற்காக 1996இல் விகலண்டர் என்ற பொது வடிவத்தை வெளியிட்டது. அதன் வழியில் 1998 நவம்பரில் ஐகலண்டர் நியமம் வந்தது. 2009இல் அது திருத்தி எழுதப்பட்டது. நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஐ.சி.எஸ். கோப்பு இதுதான்.

நிகழ்வின் பெயர், தொடங்கும் நேரம், இடம், அடையாளக் குறி எல்லாவற்றையும் அந்தக் கோப்பில் எழுதலாம். பெறுபவரின் எந்தக் கலண்டரில் வைப்பது என்பதை மட்டும் பெறுபவரே தீர்மானிக்க வேண்டும். வீடு, பாடசாலை, பள்ளிவாசல் நிர்வாகம் என்று பல கணக்குகள் வைத்திருக்கும் நமக்குச் சிக்கல் இங்கேதான்.

கூகுள் கலண்டர் என்றால் கணினியில் திறவுங்கள். எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். அமைப்புகளில் இறக்குமதிப் பகுதிக்குப் போய்க் கோப்பைத் தெரிவு செய்யுங்கள். அதன் கீழே கலண்டரின் பெயரையும் பார்த்துத் தெரிவு செய்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

அடுத்தவர் வீட்டுத் திகதியும் ஓர் அமானிதம்தான்.