ஆராய்ச்சி உதவித்தொகை: வடசென்னையும் அறிவியல் மாணவரும்

ஆராய்ச்சி உதவித்தொகை என்பது, முதுகலைப் படிப்பை முடித்து முனைவர் பட்டத்துக்காக முழுநேரமும் ஆய்வில் இருக்கும் மாணவருக்கு மாதந்தோறும் வழங்கப்படும் தொகை. அரசு, பல்கலைக்கழகம், அறக்கட்டளை என யார் கொடுத்தாலும் ஆய்வகங்களில் அதற்கு ஃபெலோஷிப் என்றுதான் பெயர். கட்டணச் சலுகை, பட்டமளிப்பு விழாப் பதக்கம், ஆய்வுக் கட்டுரைக்கான பரிசு ஆகியவற்றோடு சேர்த்து இதையும் ‘ஊக்கம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. அது பொருந்தாது. முனைவர் பட்ட ஆய்வு நடக்கும் வயது, வீட்டுக்குச் சம்பாதித்துப் போட வேண்டிய வயது. அந்தச் சம்பாத்தியத்தை விட்டுவிட்டு ஆய்வகத்துக்கு வா என்று ஒருவரை அழைக்கும்போது அதற்கு ஈடாகக் கொடுப்பதே உதவித்தொகை. ஆகவே எந்த வேலையிலிருந்து யாரை அது விடுவிக்கிறது என்பதுதான் அதன் அளவுகோல். துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலைகள், அனல்மின் நிலையம், மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் என்று வேலைகள் வரிசைகட்டி நிற்கும் ராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பகுதியில் இந்த அளவுகோல் மற்ற இடங்களைவிடக் கறாராக வேலை செய்கிறது. வேதியியல் படித்தவருக்கு ஆலை வாசலில் ஒரு காண்ட்ராக்ட் வேலையாவது காத்திருக்கும். அதை மீறி ஆய்வகம் அவரை இழுக்க வேண்டும்.

இந்த அளவுகோலுக்கு முன்மாதிரியும் வடசென்னைத் துறைமுகத்திலேயே இருக்கிறது. கணிதமேதை சீனிவாச ராமானுஜன் 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். கும்பகோணத்தில் எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்வில் தோற்று, பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்து 1907இல் மறுபடியும் தோற்றவர் அவர். பட்டம் எதுவும் கையில் இல்லை. அவருக்கு மேல் அதிகாரியாக இருந்த தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியாளர். 1913 பிப்ரவரி இறுதியில் வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது, ராமானுஜனின் கணக்குகளை ஸ்பிரிங் அவர் பார்வைக்கு வைத்தார். பிப்ரவரி 26 அன்று வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார்; இந்த எழுத்தர் சில ஆண்டுகளாவது பிழைப்புக் கவலை இல்லாமல் கணிதத்தில் மட்டும் இருக்க வழிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். மார்ச்சில் கணிதப் பாடக்குழு கூடியது; ஏப்ரலில் ஆட்சிக்குழு ஒப்புக்கொண்டது. பட்டமில்லாதவருக்கு ஆராய்ச்சி உதவி தர விதி இடம் தரவில்லை, விதிவிலக்காகத் தந்தார்கள். மே 1 முதல் மாதம் 75 ரூபாய், 2 ஆண்டுகளுக்கு. நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். 1914 மார்ச் 17 அன்று இதே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதற்குள் அவர் 3 அறிக்கைகள் கொடுத்திருந்தார்.

இந்தக் கதையை மேதையைக் கண்டுகொண்ட கதையாகவே சொல்லிவருகிறோம். உதவித்தொகையின் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று, விகிதம். 30 ரூபாய் வேலையை விட்டு வருபவருக்கு 75 ரூபாய், அதாவது இரண்டரை மடங்கு. வீட்டில் மனைவியும் தாயும் இருந்த ஒருவர் தயங்காமல் மேசையை விட்டு எழுந்துவர அந்த விகிதம் போதுமானதாக இருந்தது. இன்னொன்று, காலம். பரிந்துரைக் கடிதம் எழுதிய நாளுக்கும் உதவித்தொகை தொடங்கிய நாளுக்கும் இடையே ஏறத்தாழ 2 மாதம்தான். ரயிலில் போன தபாலும் கையால் எழுதிய கோப்பும் இருந்த காலம் அது.

அந்த இரண்டரை மடங்கை இன்றைய தொகைகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023இல் திருத்திய விகிதப்படி இளநிலை ஆய்வாளருக்கு, அதாவது ஜே.ஆர்.எஃப். பெறுபவருக்கு, மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து முதுநிலை ஆய்வாளர் ஆனால் 42,000, வீட்டுவாடகைப்படி தனி. 2010இல் 16,000, 2014இல் 25,000, 2019இல் 31,000 என்று இத்தொகை ஏறி வந்திருக்கிறது. 2019 உயர்வுக்கு முன் நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. 37,000ஐ இரண்டரையால் வகுத்தால் 14,800. அந்த அளவு சம்பளம் உள்ள வேலையிலிருந்து வருபவருக்கு ராமானுஜனுக்குக் கிடைத்த அதே பாய்ச்சல் கிடைக்கும். ஆக, 37,000 நல்ல தொகைதான். தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2023இல் தகுதித் தேர்வு நடத்தியது. கலைப் பாடங்களுக்கும் அறிவியலுக்கும் சேர்த்து 120 பேருக்கு மாதம் 25,000. மத்திய அரசு 2014இலேயே தந்த தொகை அது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை முழுநேர முனைவர் பட்ட மாணவருக்கு வழங்கும் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். மாதக் கணக்கில் 8,333. இரண்டரையால் வகுத்தால் 3,333 வருகிறது. அந்தச் சம்பளத்துக்கு இன்று எந்த ஆலையிலும் வேலை இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சி பெறாத ஆய்வு மாணவருக்கு 8,000 உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் அதுவும் இங்கே எட்டாது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23ஆம் ஆண்டு முதல் நிறுத்தப்பட்டது. மறுபக்கம், ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை பெறுபவருக்குத் தொடக்கமே 70,000. ஒரே நகரத்தில், ஒரே பாடத்தில், ஒரே மாதிரி உழைக்கும் இருவருக்கு நடுவே 8 மடங்குக்கு மேல் வித்தியாசம்.

உயர்ந்த தொகைக்குப் போகும் வழி பெரும்பாலும் ஒரே தேர்வு வழியாகப் போகிறது. அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) நெட்தான் அது; ஆண்டுக்கு இருமுறை நடக்கும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி போன்றவை வடசென்னையின் உழைக்கும் குடும்பங்களிலிருந்து முதல் பட்டதாரிகளை உருவாக்கியவை. நகரத்தின் பெரிய அறிவியல் நிறுவனங்களோ, பல்கலைக்கழகத்தின் கிண்டி, தரமணி வளாகங்கள் உட்பட, கூவத்துக்குத் தெற்கேதான் இருக்கின்றன. கடலை ஆராயும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும்கூடப் பள்ளிக்கரணையில். காசிமேட்டிலிருந்து ஒரு மாணவி அங்கே போய்வர வேண்டும், மாலையில் டியூஷன் எடுக்க வேண்டும், நடுவில் நெட் தேர்வுக்கும் படிக்க வேண்டும் என்றால், அந்தத் தேர்வு அளப்பது அறிவை மட்டும் இல்லை. எத்தனை மணி நேரம் சும்மா உட்கார்ந்து படிக்க வீடு அனுமதித்தது என்பதையும் சேர்த்து அளக்கிறது.

தொகை எவ்வளவு என்பதைப் போலவே அது எந்தத் தேதியில் வருகிறது என்பதும் முக்கியம். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகைக்கு, மாணவர் அந்த மாதம் ஆய்வில் இருந்தார் என்பதை நிறுவனம் ஒவ்வொரு மாதமும் கனரா வங்கியின் இணையதளத்தில் உறுதிசெய்ய வேண்டும். முதலில் ‘மேக்கர்’ எனப்படும் ஊழியர் பதிவிட வேண்டும். பிறகு ‘செக்கர்’ எனப்படும் அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் மாதம் தள்ளிப்போகும். மாதக்கணக்கில் பணம் நின்றுபோவது ஆய்வு மாணவர்களின் தீராத முறையீடு. ஆலையில் சம்பளம் 7ஆம் தேதி வரும் என்று தெரிந்தால் வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை சொல்லலாம். ஃபெலோஷிப் எப்போது வரும் என்று சொல்ல முடியாதவர் என்ன தவணை சொல்வார்? செலவு நிதியும் இதே போலத்தான். ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் தாளில் எழுதினார். தாள் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் சேறு எடுக்கும் மாணவருக்கு அந்த வசதியும் இல்லை. படகு வாடகை, அமிலத்தில் கழுவிய பாட்டில்கள், ஐஸ் பெட்டி, ஒவ்வொரு மாதிரியிலும் ஈயமும் பாதரசமும் எவ்வளவு என்று பார்க்கக் கருவி இருக்கும் ஆய்வகத்துக்குக் கட்டணம். சி.எஸ்.ஐ.ஆர். உதவித்தொகையில் இதற்கெல்லாம் ஆண்டுக்கு 20,000 ரூபாய். உதவித்தொகையே இல்லாதவருக்கு இதுவும் இல்லை.

விருதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றவருக்கு ஆய்வுக் காலம் முழுவதும் தொகை தரும் இன்ஸ்பயர் திட்டம் பெயரில் விருதுபோல் தெரிந்தாலும் செயலில் உதவித்தொகையே, அதனால் மதிப்புள்ளது. ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதும் முனைவர் பட்ட மாணவருக்கு 2018 முதல் மத்திய அரசு வழங்கிவந்த ‘அவ்சார்’ பரிசில் முதல் தொகை 1 லட்சம். நல்ல முயற்சி. ஆனால் பரிசுகள் பெரும்பாலும் பாதி வழி தாண்டியவருக்கே கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் ஆய்வை விட்டுவிட்டுக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனவரின் பெயர் எந்தப் பரிசுப் பட்டியலிலும் இருக்காது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை கவனிக்கத் தக்கவை. தேர்வில்லாமல் எல்லா முழுநேர மாணவருக்கும் போதுமான தொகை தந்தால் தரமற்ற பட்டங்கள் பெருகும் என்பது முதலாவது. ராமானுஜன் லட்சத்தில் ஒருவர், அவரைக் காட்டி விதி வகுக்க முடியுமா என்பது அதன் நிழல். லட்சத்தில் ஒருவர் என்பது உண்மைதான். ஆனால் 1913இல் பல்கலைக்கழகம் செய்த ஏற்பாட்டுக்கு மேதைமை தேவைப்படவில்லை. முதலில் தொகையைக் கொடு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையைப் பார் என்பதே அந்த ஏற்பாடு. சாதாரண மாணவருக்கும் அது பொருந்தும். இன்றும் ஒவ்வொரு முனைவர் பட்ட மாணவருக்கும் ஆய்வுக் குழு இருக்கிறது. அது அவ்வப்போது கூடி முன்னேற்றத்தை மதிப்பிடுகிறது. தரத்தைக் காக்கும் கருவி கையில் இருக்கும்போது, வாசலில் ஒரு தேர்வை வைத்து வேலை முடிந்துவிட்டது என்று இருப்பது சரியில்லை. தேர்வில் இருமுறை தோற்ற ஒருவரைத் தேர்வு வடிகட்டியிருக்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டியது.

இரண்டாவது, பணம் எங்கே என்ற கேள்வி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகள் 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறையால் முடக்கப்பட்ட செய்தியை எல்லோரும் படித்தோம். அந்த நிலையில் அது சொந்தமாக உதவித்தொகையை உயர்த்த முடியாது. ஆனால் இந்தப் பகுதியில் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். 2019இல் வந்த திருத்தம், அரசு நிதியில் நடக்கும் பல்கலைக்கழகங்களின் அறிவியல் ஆய்வுக்கும் இந்தப் பணத்தைத் தரலாம் என்று தெளிவாக்கியது. மணலியிலும் எண்ணூரிலும் இருக்கும் ஆலைகள் பள்ளிக்குப் பெஞ்சு வாங்கித் தருவதோடு ஆய்வு மாணவருக்கு 5 ஆண்டுச் சம்பளமும் தர முடியும்.

தேவையும் இங்கேதான் இருக்கிறது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் மணலி 76.32 புள்ளியோடு கடும் மாசுப் பகுதிகளில் ஒன்றாக இருந்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையில் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் மாதிரி எடுக்க வந்தார்கள். கசிவுக்கு முந்தைய ஆண்டு அந்தச் சேற்றில் என்ன இருந்தது, எத்தனை மட்டிகள், எத்தனை இறால்கள் என்ற கணக்கு இல்லாமல் இழப்பை எப்படிக் கணக்கிடுவது? அந்தக் கணக்கை ஆண்டுக்கணக்கில் மாதந்தோறும் எடுப்பவர் முழுநேர ஆய்வு மாணவராகத்தான் இருக்க முடியும். ஆலைப் பணத்தில் ஆலையை ஆராய்ந்தால் முடிவு சாயாதா என்று கேட்பார்கள். சாயும், பணம் ஆலையிலிருந்து நேராக மாணவர் கைக்கு வந்தால். பல நிறுவனங்களின் தொகையைப் பல்கலைக்கழகம் ஒரே வைப்புநிதியாகக் கட்டிவைத்து, வட்டியிலிருந்து மாதந்தோறும் வழங்கி, தலைப்பையும் வெளியீட்டையும் ஆய்வுக் குழுவிடமே விட்டால், கொடுத்தவருக்கு முடிவில் கைவைக்க இடமிருக்காது. 1913இல் துறைமுகக் கழகம் செய்ததும் ஏறக்குறைய இதுதான்: தன் ஊழியரைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டது.

ராமானுஜனின் நினைவாகப் பி.கே.சீனிவாசன் 1993இல் உருவாக்கிய அருங்காட்சியகம் ராயபுரத்தில் இருக்கிறது. ராமானுஜன் வாழ்வின் இறுதியில் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தபோது, 1919 ஜனவரி 11 தேதியிட்ட கடிதத்தில் அவர் பதிவாளருக்கு ஒரு கணக்குச் சொன்னார்: ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்கு, தன் தேவைக்குப் போக மிஞ்சுவதை ஏழை மாணவர்கள், அநாதைச் சிறுவர்களின் பள்ளிக் கட்டணத்துக்கும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும்.