கார்த்திகை மழையும் கிளுவை வேலியும்

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. விடிந்து பார்த்தால், புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில் பன்னிரண்டு அடி தெருவில் படுத்துக் கிடந்தது. பக்கத்து மனையின் பழைய கிளுவை வேலியோ, இலையெல்லாம் பறிகொடுத்து, நின்ற இடத்திலேயே நின்றது.

எங்கள் மனைக்கும் ஒரு காலத்தில் கிளுவைதான். "காம்பவுண்டு இல்லாத வீடும் ஒரு வீடா" என்று அதை வெட்டச் சொன்னவன் நான்.

என் சிறுவயதில் இந்தப் பக்கம் இரண்டு விதமான வேலிகள். ஒன்று பனைமட்டை வேலி. புரட்டாசி பிறந்ததும் அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். மண்ணுக்குள் இருக்கும் அடிதான் முதலில் மக்கும், கரையானும் அங்கேதான் ஏறும். அதனால் புதுக்கால்களின் அடியைத் தீயில் கருக்கி, தார் பூசி நடுவார்கள். ஆண்டுதோறும் இந்த வேலை உண்டு. மற்றொன்று உயிர்வேலி. ஐப்பசியில் போத்து ஊன்றினால் போதும், மற்ற வேலிகளை அழுகவைக்கும் அதே மழை இதை வளர்த்துவிடும்.

வேலியை நம்பியது வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல. இதே கடற்கரையில் தெற்கே, பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை நிலப்பக்கமாக வளைத்துக் கற்றாழையும் முள்மரங்களும் அடர்ந்த பெரிய வேலி ஒன்றை வைத்திருந்தார்கள். கோட்டைக்கு வெளியே அதுதான் முதல் அரண். 1760 செப்டம்பரில் ஆங்கிலேயர் சண்டையிட்டுத்தான் அதைக் கைப்பற்ற முடிந்தது. பிடித்தவர்களை மார்கழி விடவில்லை. 1761 புத்தாண்டை ஒட்டி அடித்த புயலில் அவர்களுடைய கப்பல்கள் மூழ்கின, கூடாரங்களும் பீரங்கி மேடுகளும் சிதைந்தன. ஆனாலும் ஜனவரி 16-ல் நகரம் சரணடைந்தது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்புதான் காலமானார்.

பிறகு மதராஸ் மாகாண வனத்துறையை 1856-ல் தொடங்கி நடத்திய ஹியூ கிளெகார்ன், 1850-லேயே இந்திய வேலிச் செடிகளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். எந்தச் செடி எந்தத் தேவைக்கு, எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதே அதன் விஷயம். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இதை உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். நாமோ இருந்ததை வெட்டிவிட்டோம்.

அமெரிக்காவில் 1874-ல் காப்புரிமை பெற்ற முள்கம்பி இங்கும் வந்தது. உப்புக்காற்றில் துத்தநாகப் பூச்சு போனால் கம்பி துருப்பிடித்து அறுந்துவிடும். சிமெண்டுத் தூணுக்குள் இருக்கும் கம்பி துருவேறி உப்பினால் தூணே வெடிக்கும். கம்பி வேலிதான் வேண்டும் என்பவர்கள் கருங்கல் தூண் போடுவது நல்லது.

என் சுவர் விழுந்த காரணத்தைக் கொத்தனார் ஒரே பார்வையில் சொன்னார். "அடியிலே தண்ணி போக ஓட்டையே விடலையே சார்!" உள்ளே தேங்கிய வெள்ளம் அடிமண்ணை இளக்கியிருக்கிறது. மேலே காற்று புகுந்து போக வழியில்லாமல் முழு வேகத்தில் மோதியிருக்கிறது. கிளுவைக்கு அந்த இரண்டு தொல்லையும் இல்லை.

விழுந்த பன்னிரண்டு அடிக்கு மறுபடி சுவர் எழுப்பவில்லை. அடுத்த ஐப்பசியில் பக்கத்து மனைக்காரரிடம் போத்து வாங்கி ஊன்றினேன். இப்போது மார்பளவு வந்திருக்கிறது. ஆடு கடிக்காமல் இருக்கப் பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.